ஏழு கிண்ணங்கள்

வேலூர் லாங்கு பஜாரில் எங்கள் பாத்திரக்கடை. சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்காக வடகிழக்கிலிருந்து வருபவர்கள் லாட்ஜில் சமைத்துச் சாப்பிடக் குக்கரும் வாணலியும் கேட்டுத்தான் படியேறுவார்கள். போன சித்திரையில் சிக்கிமிலிருந்து மகனோடு வந்த ஓர் அம்மாள் கேட்டது, ஒரே அளவில் ஏழு பித்தளைக் கிண்ணங்கள்.

இருந்ததையெல்லாம் பரப்பினேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். பிசிறு தட்டியதை ஒதுக்கினார். முப்பது வருடமாகப் பித்தளை விற்கிறேன். எடை கேட்பார்கள், தட்டி ஓசை பார்ப்பார்கள். விளிம்பைத் தடவி வாங்கியவர் இவர் ஒருவர்தான். ஏழு தேறுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எதற்கு என்று மகனிடம் இந்தியில் கேட்டேன். அம்மாளே செய்து காட்டினார். என் சொம்பை வாங்கி முதல் கிண்ணத்தை நிரப்பினார். அதில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மீதியை அடுத்ததில் ஊற்றினார்; அதிலிருந்து அதற்கடுத்தது. ஏழிலும் துளித்துளி நீர் நின்ற பிறகே இடமிருந்து வலமாக வரிசையில் வைத்தார். புத்தர் முன்னால் வெறும் கிண்ணம் வைக்கக் கூடாதாம். இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே ஒரு பார்லி மணி இடைவெளி. நீரும் விளிம்புக்கு ஒரு மணி அளவு கீழே நிற்க வேண்டும். மாலையில் வலமிருந்து இடமாக எடுத்து, நீரைக் கொட்டி, துணியால் துடைத்துக் கவிழ்த்துவிடுவார்களாம். என் அம்மாவும் காலிக் குடத்தைப் பூஜை அறையில் வைக்க விட்டதில்லை. ஒரு கை தண்ணீராவது இருக்க வேண்டும் அவருக்கு.

ஏன் ஏழு என்றேன். மகன் விரல்விட்டு எண்ணினார்: அர்கம், பாத்யம், புஷ்பே, தூபே, ஆலோகே, கந்தே, நைவித்யே. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அர்க்கியம், பாத்தியம், புஷ்பம், தூபம், தீபம், கந்தம், நைவேத்தியம் என்று கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் நான் கேட்டு வளர்ந்த உபசாரங்கள் அல்லவா இவை! பூவும் சந்தனமும் வைப்பவர்களும் உண்டு. அன்றாடம் ஏழுக்கும் தண்ணீரே போதும் என்றார். தண்ணீரைக் கொடுக்க யாருக்கும் மனம் கணக்குப் பார்க்காது என்பதால் அதுவே நல்ல காணிக்கையாம்.

விளக்கு மட்டும் அம்மாள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உயரமான தண்டின் மேல் வாயகன்ற கிண்ணம்; அடியில் திரி செருகச் சிறு குழி. திரியை நட்டு உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் அவர்கள் ஊர்க் குளிரில் உறைந்து திரியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே சித்திரை வெயிலில் வெண்ணெய் எங்கே உறையும்! திரி சாய்ந்து சாய்ந்து விழுகிறது என்று கவலைப்பட்டார். அதற்கு என்னிடம் வழி இல்லை.

நேபாளத்துப் பாட்டன் நகரில் வாங்கிய விளக்கு என்றார். பிறகு தேடிப் படித்தேன். அந்த ஊர் நேவார் கைவினைஞர்கள் சிலைகளை மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கிறார்கள். சுவாமிமலை முறையேதான். ஆனால் நம் உற்சவர்கள் உள்ளே கனம், அவர்களுடையவை பெரும்பாலும் உள்ளீடற்ற செம்பு. தகட்டை அடித்துப் பாத்திரம் செய்கிறவர்களுக்கு அங்கே தாம்ராகார் என்று பெயர். நம் தாமிரம்தான் அது.

இரண்டு மாதம் கழித்து, காட்பாடியில் ரயிலேறும் நாளன்று, மகன் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் குணம்தானாம். கிண்ணங்களைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருக்கிறாராம்.

இந்த மாதம் கும்பகோணத்துக்கு ஆர்டர் எழுதும்போது கிண்ணத்துக்கு நேரே இரண்டு வரி சேர்த்தேன்: ஏழு ஏழாக, ஒரே அளவு. விளிம்பை நன்றாகக் கடைந்து அனுப்பவும்.