கன் தோவில் கடைசி மாதம்

2024 ஜூன் 3, கன் தோ, வியட்நாம்

உவர்மண் பற்றிய கடைசி வகுப்பை இன்று காலை முடித்தேன். மாணவர்கள் என்னைக் "கோ" என்று அழைக்கிறார்கள். வியட்நாமிய மொழியில் ஆசிரியைக்கும் தந்தையின் தங்கைக்கும் அந்த ஒரே சொல்தான். என்னோடு பேசும்போது தங்களை "எம்", அதாவது தம்பி அல்லது தங்கை, என்றே அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். செப்டம்பரில் வந்தபோது இதை இலக்கணக் குறிப்பாகத்தான் எழுதி வைத்தேன். இன்று கரும்பலகையைத் துடைத்தபோது, அத்தை என்று அழைத்த முப்பத்தொரு பேரை விட்டுப் போகிறேன் என்பது நெஞ்சில் உறைத்தது. "மா" என்ற ஓசையை அழுத்தி இறக்கிச் சொன்னால் நாற்று, தொனி மாறினால் பேய், இன்னும் மாறினால் கல்லறை என்று ஓராண்டாகப் பொறுமையோடு எனக்குத் திருத்திச் சொன்னவர்கள் அவர்கள்.

ஜூன் 9, சொக் திராங்

வயலுக்குக் கடைசிப் பயணம். இங்கே "லுவா தோம்", நெல்லும் இறாலும், ஒரே நிலத்தில் பருவம் மாற்றி நடக்கின்றன. வறண்ட மாதங்களில் மடையைத் திறந்து உப்புத்தண்ணீரை உள்ளே விட்டு இறால் வளர்க்கிறார்கள். மழை பிடித்ததும் நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்த பின் வடித்து, மறுபடி தேக்கி, மண் கழுவப்பட்ட பிறகே நடுமேட்டில் நெல் வைக்கிறார்கள். சுற்றியுள்ள வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைத்த பெரியவர், "பாய்" என்றார். பாய் என்றால் ஏழு. என் உப்பளவுக் கருவி லிட்டருக்கு 7.1 கிராம் என்று காட்டியது.

நான் நாகப்பட்டினத்தின் கடைமடையில் வளர்ந்தவள். நெல்லுக்கும் இறாலுக்கும் பகை என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, அப்பா அந்தச் செய்தித்தாளை மடித்துப் பீரோவில் வைத்தார். அந்தப் பகையை அளந்து காட்டத்தான் இங்கு வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 15, கன் தோ

இரவெல்லாம் அறிக்கை எழுதினேன். மண்கரைசலின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். என் மண் மாதிரிப் பைகளில் பாதிக்கு மேல் இன்னும் அதற்கு மேலேதான் இருக்கின்றன, ஏனெனில் இவ்வாண்டு மழை பிந்தியது. மேக்கொங் ஆற்றின் மேல்பகுதி அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, மணல் அள்ளுவதால் ஆற்றின் படுகை ஆழமாகிறது, நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையே தாழ்கிறது. கோடையில் ஆற்று நீர் வற்றும்போது கடல் இந்த வழியெல்லாம் உள்ளே ஏறிவிடுகிறது. 2016-இலும் 2020-இலும் அது எவ்வளவு தூரம் ஏறியது என்பதை இங்குள்ள உழவர் எல்லோரும் சொல்வார்கள்.

இந்த நெல்-இறால் முறையை நாகைக்கு அப்படியே பரிந்துரைக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே மழைக்காலம் மே முதல் நவம்பர் வரை நீள்வதால் மண்ணைக் கழுவ அவகாசம் உண்டு. எங்களுக்கோ ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். அதைவிட முக்கியமாக, உப்பை உள்ளே விடுபவரும் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டியவரும் இங்கே ஒரே குடும்பத்தார். எங்கள் ஊரில் பண்ணை ஒருவருடையது, கெட்டுப்போகும் கிணறு வேறொருவருடையது. ஓராண்டு அளந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான், ஆனால் இதை எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியவில்லை.

ஜூன் 22

மண் மாதிரிகளை அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டுவர இயலாது. விண்ணப்பித்த அனுமதி காலத்தில் வந்து சேரவில்லை. அறுபத்திரண்டு பைகளையும் ஆய்வகத்தின் கீழ்த்தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் வயலின் பெயரையும் ஆழத்தையும் இரண்டு மொழியில் எழுதினேன். இனி ஞாயிறுதோறும் அந்த வாய்க்காலுக்குப் போய் அளந்து எழுதுவதாக ஒரு மாணவி தானாகவே முன்வந்தாள். என் கருவியை அவளிடம் கொடுத்தேன்.

ஜூன் 30, சைகோன்

பேருந்தில் வந்து சேர்ந்தேன், விமானம் நள்ளிரவில். மாலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது: "கோ, மூன்று நாளாக நல்ல மழை. இரண்டு முறை வடித்துவிட்டார்கள். இன்று 4.6. தாத்தா நாக்கில் வைத்துப் பார்த்து ஐந்து என்றார்."