ஓல்டு × ?

இங்கிலீஷ் சார் காலமான செய்தி நம் பள்ளிக்கூட ஓல்டு ஸ்டூடண்ட்ஸ் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, கும்பிடு போட்ட படங்களுக்கு நடுவே ஒருத்தர் இவ்வளவுதான் அனுப்பியிருந்தார்: 'ஓல்டு × ?'. துபாயிலும் தோஹாவிலும் முழித்திருந்த யாரும் விளக்கம் கேட்கவில்லை.

புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்காக மட்டும் இது. எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் ஓல்டு' என்று கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தது. கைடில் இடது பக்கம் ஓல்டு, நடுவில் பெருக்கல் குறி, வலது பக்கம் நியூ. மனப்பாடம் செய்ததை ஒரு பையன் அப்படியே இறக்கி வைத்தான். சார் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "ஏல, ஒங்க தாத்தாவ எந்தக் கடையில வாங்குனிய?" என்றார். பையன் பெஞ்ச் மேல் ஏறினான். பள்ளிக்கூடம் முடிகிற வரை அவனுக்குப் பெயர் 'புதுத்தாத்தா'.

அன்று கரும்பலகையில் சார் எழுதிப் போட்ட முறை மட்டும் இன்றைக்கும் தப்பில்லாதது. "ஒத்தையா நிக்குத சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாதுடே" என்பார். முதலில் சொல்லுக்குப் பக்கத்தில் அதன் கூட்டாளியை எழுத வேண்டும். ஓல்டு மேன், ஓல்டு சட்டை, ஓல்டு ஃபிரண்ட். உயிருள்ளதற்கு வயதைச் சொன்னால் யங். சாமானைச் சொன்னால் நியூ. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவோம். ஓல்டு ஃபிரண்ட் உயிருள்ள ஆள்தானே என்று 'யங் ஃபிரண்ட்' எழுதினால் அரை மார்க் போச்சு. அங்கே பழசு ஆள் இல்லை, சிநேகம். பழகி இருபது வருஷமான இருபத்தைந்து வயதுக்காரனும் ஓல்டு ஃபிரண்ட்தான். அதற்கு எதிர் நியூ.

ஓல்டு ஸ்டூடண்டுக்கு யங்கும் ஒட்டாது, நியூவும் ஒட்டாது. படித்து முடித்தவனுக்கு எதிர், இப்போது படிக்கிறவன்; ஆகவே 'பிரசண்ட்'. நம் சங்கத்தின் பெயர்ப் பலகையே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. (தலை நரைத்ததால் ஓல்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் செயற்குழு உறுப்பினர்கள் கவனிக்கவும்.) ரொட்டி என்றால் ஃபிரெஷ்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வார். தாத்தாவைப் 'பழசு' என்று எந்தப் பேரனும் சொல்ல மாட்டான், வயசானவர் என்பான். இங்கிலீஷ் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது: பழைய × புதிய, முதிய × இளைய, மூத்தவள் × இளையவள். காய்கறிக்குத் தனி ஜோடி. ஒரு நாள் பாளை மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தவர், மஞ்சப்பையில் கைவிட்டு இரண்டு வெண்டைக்காயை எடுத்தார். ஒன்றின் நுனியைப் பெருவிரலால் தள்ளினார். டக்கென்று முறிந்து மேஜையில் விழுந்தது. மற்றது வளைந்ததே தவிர முறியவில்லை, நார் நாராகப் பிய்ந்தது. "இது பிஞ்சு, இது முத்தல். ரெண்டும் இன்னைக்குப் பறிச்சது. இதுல எதுடே பழசு?"

தமிழிலும் சறுக்குகிற இடம் உண்டு. 'பழையது' என்று நாம் சொல்கிற சோற்றுக்கு எதிர் புதுச்சோறு இல்லை, சுடுசோறு. அரிசியில் மட்டும் பழைய அரிசி × புது அரிசி சரியாக வரும். அறுத்த உடனே வருகிற புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். இருப்பு வைத்த அரிசி கூடுதலாகத் தண்ணீர் இழுத்து, பொலபொலவென்று நிறையச் சோறு காணும். விலையும் அதற்குத்தான் அதிகம். திருநெல்வேலியில் வேய்ந்தான்குளத்துப் 'புது பஸ் ஸ்டாண்டு' வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பெயர் இன்னும் புதுசுதான். அதற்கு எதிரான மற்ற பஸ் ஸ்டாண்டைப் பழசு என்று சொல்ல வேண்டியதில்லை, ஜங்ஷன் என்றாலே போதும்.

கடைசிப் பொறி, 'தி பேபி இஸ் ஒன் டே ஓல்டு'. பிறந்து ஒரே நாள், அதற்கும் ஓல்டு! இங்கே அந்தச் சொல் அளவுகோலின் பெயர், அவ்வளவுதான். எதிர்ச்சொல் தேடினால் கிடைக்காது. குள்ளமானவரிடமும் உயரம் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். குட்டை எவ்வளவு என்று கேட்டால் அடி விழும்.

சார் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் சரி. பெஞ்ச் மேல் ஏற்றியது சரியில்லை. தப்பு கைடில் இருந்தது; பையன் அதை நம்பியது மட்டும்தான் குற்றம். இதை அவர் இருந்தபோதே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு லீவிலும் கல்யாணம், காதுகுத்து, பத்திரப்பதிவு. அவர் வீட்டுத் தெரு வழியாகவே பஸ் போனது.

சங்கத்தின் மலர் இதழுக்காக உறுப்பினர் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, 'ஓல்டு அட்ரஸ்' கட்டத்தில் எல்லாருமே ஊர்த் தெருவை எழுதியிருக்கிறோம். எதிர்க் கட்டம் 'பிரசண்ட் அட்ரஸ்'. அடித்து அடித்துத் திருத்தியிருப்பதெல்லாம் அதில்தான்.