தட்டிக் கேட்ட கல்

வலிகாமம் வடக்கில் கைவிடப்பட்ட கல் அகழ்வுக் குழி ஒன்றின் சுவரில், கயிற்றில் தொங்கியபடி சுண்ணக்கல் மாதிரிகளைச் சேகரிப்பதே எனது முதலாவது களப்பணியாக அமைந்தது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் செங்குத்தான பாறை என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் இவ்வாறு மனிதர் வெட்டிய சுவர்களே. 1990 இல், இப்பகுதிச் சுண்ணக்கல்லைக் கொண்டு இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது; போரும் அந்நிலத்தை மக்களிடமிருந்து நெடுங்காலம் விலக்கி வைத்தது. கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்று உறுதியான பின்னரே இறங்கினோம்.

பாறையில் ஆணி எதுவும் அடிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே மேலே நின்ற இரண்டு பனைகளில் கயிற்றைக் கட்டினோம். சுண்ணக்கல்லின் விளிம்பு கயிற்றை அறுத்துவிடக் கூடியது என்பதால், அது உரசும் இடத்தில் பழைய சாக்கை மடித்து வைத்தோம்.

இரண்டாம் நாள், பார்வைக்குத் திடமாக இருந்த ஒரு விளிம்பைப் பற்றி உடற்பாரத்தை ஏற்றினேன். சிரட்டையளவு கல் கையோடு பெயர்ந்து வந்தது. கயிறு தாங்கியதால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினேன். மேலே நின்ற மூத்த உதவியாளர், "தம்பி, கண்ணை நம்பாதையும், தட்டிப் பாத்திட்டுப் பிடியும்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு பிடியையும் சுத்தியலால் தட்டினேன். திடமான கல் கணீரென்று ஒலித்தது. உள்ளே கோறையான கல், பழுத்த பலாவைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலித்தது.

பெயர்ந்த அந்தக் கல்லை இன்றும் வைத்திருக்கிறேன். அதன் உட்புறத்தில் அரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலக் கடலில் வாழ்ந்த சிப்பி ஒன்றின் வரிகளும், அருகே செம்மண் பூசிய, விரல் நுழையக்கூடிய துளையொன்றும் உள்ளன. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகும் மழைநீர் கல்லை அரித்த வழி அது. வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டின் குடிநீர் இத்தகைய துளைகளுக்குள்தான் தங்குகிறது. வெங்காயத் தோட்டங்களுக்கு அளவுக்கு மீறி இடும் உரத்தின் நைத்திரேற்றும் அதே வழியாகத்தான் கிணறுகளைச் சென்றடைகிறது. அறிக்கைகளில் பலமுறை படித்திருந்த செய்திதான். எனினும் கையில் உடைந்த பின்னரே அது எனக்கு உறைத்தது.

அன்று மாலை கீரிமலைக் கேணியில் இறங்கியபோது, கடலுக்கு அருகிலேயே பாறையிடுக்கிலிருந்து நன்னீர் சுரந்துகொண்டிருந்தது. சிராய்த்த முழங்கையை அதில் நெடுநேரம் வைத்திருந்தேன்.