சின்ன கேபினெட்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

ஆபீஸ்களில் இருந்து கழித்துவிடும் சின்ன கேபினெட் கம்ப்யூட்டர்கள், அதாவது டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகையறா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி ஒரு கார்டு போட்டு சாலிட்வொர்க்ஸ், பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள் எல்லாம் ஓட்டலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். ஆனால் கேமிங் கார்டுகளை ஓரமாக வைத்துவிட்டு டிசைன், 3டி வேலைக்கென்றே வரும் ஒர்க்ஸ்டேஷன் கார்டுகள் பக்கம் முதலில் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதல் காரணம் மின்சாரம். இந்த கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பெரும்பாலும் 180, 240 வாட் அளவில்தான் இருக்கும், கார்டுக்குத் தனியாகக் கொடுக்கும் 6 பின் ஒயர் அதில் வராது. அதனால் கார்டு தனக்கு வேண்டியதை மதர்போர்டில் செருகும் ஸ்லாட்டில் இருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்லாட்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி எக்ஸ்16 என்ற நீளமான ஸ்லாட் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குத் தரக்கூடியது 75 வாட், அதிலும் 12 வோல்ட் லைனில் 66 வாட்தான் வரும், மிச்சம் 3.3 வோல்ட்டில். பெரிய கார்டுகள் இங்கேயே அடிபட்டுப் போகின்றன. இன்னொன்று, சில மாடல்களில் கம்பெனிக்காரனே அந்த ஸ்லாட்டுக்கு 75-க்கும் கீழே ஒரு வரம்பு வைத்திருப்பான், அது மாடலின் மேனுவலில் எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரே ஸ்லாட்டில் அடங்குகிற உயரம் குறைந்த கார்டுகளில் என்விடியாவின் குவாட்ரோ பி (P) வரிசைதான் செகண்ட் ஹேண்டில் அதிகம் கண்ணில் படும். பி400 30 வாட், பி620 40 வாட், பி1000 47 வாட். ஆட்டோகேடில் 2டி டிராயிங் போடுகிறவருக்கு, மூன்று நான்கு மானிட்டர் வேண்டும் என்பவருக்கு, இன்றைக்கும் இவை போதும். ஆனால் ரெண்டரிங் (3டி மாடலை முழுப் படமாக்குவது), ஏஐ வேலை என்று இறங்குபவர் இந்த வரிசையை வாங்கக் கூடாது. இவற்றில் இருப்பது பாஸ்கல் சிப். கார்டில் கணக்குகளை ஓட்ட உதவும் குடா மென்பொருளின் 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் பாஸ்கல் சிப்களுக்கான ஆதரவை என்விடியா எடுத்துவிட்டது, 580 வரிசை டிரைவர்தான் இவற்றுக்குக் கடைசி. அடுத்து 2021-ல் வந்தவை டி400, டி600, டி1000 (T400, T600, T1000). டி1000-ல் 8 ஜிபி மெமரி உள்ளதும் உண்டு, 50 வாட், நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட். 3டி மாடலிங் செய்யும் சின்ன டிசைன் ஆபீஸுக்கு வெகு காலமாக நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது இதைத்தான்.

இப்போது சொல்வது ஆர்டிஎக்ஸ் ஏ1000. 2024-ல் வந்தது. அதே 50 வாட், அதே ஒரு ஸ்லாட், அதே 8 ஜிபி, ஆனால் குடா கோர் (கணக்குப் போடும் சின்ன யூனிட்) 2304. டி1000-ல் 896. தலைமுறை மாறும்போது கோர் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக்கூடாது, வேகம் இரண்டரை மடங்கு ஆகிவிடாது. ஆனாலும் டி1000-ல் அறவே இல்லாத, ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர்கள் இதில் இருக்கின்றன, பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் கொடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அரை உயர கேபினெட்டில், பக்கத்து ஸ்லாட்டைத் தொடாமல், ஒயர் எதுவும் இல்லாமல் இது நடக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

70 வாட்டுக்குப் போனால் ஆர்டிஎக்ஸ் ஏ2000, ஆர்டிஎக்ஸ் 2000 ஏடா, 20 ஜிபி மெமரியோடு வரும் ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் ஏடா என்று வலுவானவை இருக்கின்றன. எல்லாமே இரண்டு ஸ்லாட் தடிமன். சில கேபினெட்டில் எக்ஸ்16 ஸ்லாட்டை ஒட்டியே எஸ்எம்பிஎஸ்ஸோ தகட்டுச் சுவரோ நிற்கும், கார்டு உள்ளே போகாது, போனாலும் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது. மூடியைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், அரை உயர கார்டின் பலகை சுமார் 69 மில்லிமீட்டர் உயரம்.

இன்டெல்லின் ஆர்க் ப்ரோ பி50 (B50) விலைக்கு அருமையான கார்டு. 16 ஜிபி, 70 வாட், 2025-ல் 349 டாலருக்கு வந்தது. ஆனால் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) வேண்டும், இன்டெல் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பொதுவாக அது இருக்காது, வேகம் படுத்துவிடும். ஏஎம்டியின் ரேடியான் ப்ரோ டபிள்யூ6400-க்கு டேட்டா போகும் பாதை (லேன்) நான்கு மட்டும்தான், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் உள்ள பழைய மெஷினில் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடரும் அதில் கிடையாது, எடிட்டிங் செய்பவர் தள்ளியே இருக்கலாம்.

கேமிங்கிலும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அரை உயரத்தில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது, இரண்டு ஸ்லாட் இடம் இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் சாலிட்வொர்க்ஸை நம்பிப் பிழைப்பவர், அந்த மென்பொருள் கம்பெனி சோதித்துச் சான்று கொடுத்த கார்டையே வாங்கட்டும். மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் ரியல்வியூ வசதி கேமிங் கார்டில் முறையாகத் திறக்காது, டிஸ்ப்ளே கோளாறு வந்து புகார் சொன்னாலும் முதல் கேள்வி எந்த கார்டு என்பதுதான்.

அப்புறம் பிராக்கெட், அதாவது கார்டைக் கேபினெட்டின் பின்பக்கம் பிடித்து நிறுத்தும் தகடு. செகண்ட் ஹேண்ட் கார்டில் நீளமான பிராக்கெட் மட்டும் மாட்டியிருக்கும், குட்டி பிராக்கெட் எங்கேயோ தொலைந்திருக்கும். நீளமானதைக் கழற்றிவிட்டு வெறும் கார்டைச் செருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னால் மானிட்டர் கேபிளை லேசாக இழுத்தாலே கார்டு ஒரு பக்கம் எழும்பி ஸ்லாட்டில் சாய்கிறது, ஸ்கிரீன் போய்விடுகிறது. நான்கு கேபிள் தொங்கும் கார்டுக்கு இது ஆகவே ஆகாது. துளைகளின் இடம் கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால் வேறொரு மாடலின் பிராக்கெட்டும் பொருந்தாது. பணம் அனுப்பும் முன் அந்தக் குட்டித் தகட்டையும் சேர்த்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.