மாமாவின் டின்னும் நான் கட்டிய நாலு ஜெபமாலையும்

மாமாவை அடக்கம் செய்த அன்று அவர் கையில் சுற்றியிருந்த ஜெபமாலை கடையில் வாங்கியது. வெள்ளை பிளாஸ்டிக் மணி, விலை ஒட்டியிருந்த இடத்தில் பசை கூடப் போகவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு ஜெபமாலை கட்டிக் கொடுத்த மனுஷனுக்கு அவர் கட்டியதில் ஒன்றை எடுத்து வர ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும்தான்.

அது உறுத்திக்கொண்டே இருந்ததால் அத்தையிடம் கேட்டு அவருடைய டின்னை வாங்கி வந்தேன். கட்டிப் பழகிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம்

பழைய பிஸ்கட் டின். உள்ளே துணி சுற்றிய நோஸ் பிளேயர் ஒன்று, ஒரு சுருள் செம்புக் கம்பி, சாக்கு ஊசி, மீன்வலைக்கு வாங்கும் நைலான் நூல் கண்டு. மணிகள் எல்லாம் தீப்பெட்டிகளில். ஒரு தாளில் பொதிந்த மாதா பதக்கங்கள், பொடிப் பொடியாகப் பாடுபட்ட சுரூபங்கள், அதாவது இயேசு அறையப்பட்ட சின்னச் சிலுவைகள். அடியில், அறுந்து கிடந்த அவருடைய சொந்த ஜெபமாலை. அதைப் பற்றி அப்புறம்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 53 மணி என்று சொல்கிறோமே, அது "அருள் நிறைந்த மரியே" ஜெபத்துக்கான சின்ன மணி மட்டும். இயேசு கற்றுக் கொடுத்த பரலோக மந்திரத்துக்கு ஆறு பெரிய மணி தனி. மொத்தம் 59. தொங்கலில் ஒரு பெரியது, மூன்று சின்னது, மறுபடி ஒரு பெரியது, அப்புறம் பதக்கம், அதிலிருந்து ஐந்து பத்து (பத்துப் பத்துச் சின்ன மணியாக ஐந்து வரிசை), இடையிடையே நாலு பெரியது. ஆயுசு முழுக்க உருட்டியிருக்கிறேன், ஆனால் கட்ட உட்கார்ந்த அன்று தொங்கலில் எத்தனை என்று படம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

கம்பியில் ஆரம்பித்தேன், அதுதான் பார்க்க அழகு. ஒவ்வொரு மணிக்குள்ளும் துண்டுக் கம்பி நுழைத்து, இரண்டு பக்கமும் வளையம் வளைத்து, வளையத்தோடு வளையம் கோக்க வேண்டும். என் வளையம் எதுவும் வட்டமாக வரவில்லை. இரண்டு சாயங்காலத்தில் ஒரு பத்து முடிந்தது. தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் வாய் திறந்து பாதி கீழே விழுந்தது.

மூன்றாவது வாரம்

ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய வெள்ளிக்கலர் கம்பியில் ஒன்றை எப்படியோ முடித்து வாசல் ஆணியில் மாட்டினேன். தூத்துக்குடிக் காற்று விடுமா? மேல்பூச்சு உரிந்து, வளையம் சேரும் இடமெல்லாம் துரு. மாமாவின் செம்புக் கம்பியில் இன்னொன்று முயன்றேன். துருப் பிடிக்கவில்லை, ஆனால் வியர்வை பட்டுப் பச்சை பூத்து விரலில் ஒட்டியது.

மாமா ஏன் கம்பியை விட்டு நூலுக்கு மாறினார் என்று அப்போதுதான் உறைத்தது. சின்ன வயசில் அவர் நைலான் நூலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வலை பின்னுதீங்களா மாமா?" என்று கேலி செய்திருக்கிறேன். "கம்பிய உப்புக் காத்து தின்னுரும் மருமவனே. நூல அது ஒண்ணும் செய்யாது" என்றார். அவருக்குத் தெரியாததா? முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் உப்பு வாரியவர். விடிவதற்கு முன்னே பாத்தியில் இறங்கிவிடுவார். ஆறு மணிக்குக் கோயில் மணிச் சத்தம் காற்றில் வந்தால் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மூவேளை ஜெபம் சொல்வாராம். உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னது இது. அவர் வாயால் தன்னைப் பற்றி எதுவும் வந்ததில்லை.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் பக்கம் வடகிழக்கு மழை இறங்குவதும் அப்போதுதான், உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கூலி கிடையாது. அந்த மழை நாட்களில்தான் மாமா திண்ணையில் உட்கார்ந்து கட்டுவார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. நூலுக்காவது வாங்குங்கள் என்று அத்தை சண்டை போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சண்டையில் அத்தை பக்கம்தான் நியாயம் இருந்தது.

ஐந்தாவது வாரம்

நூலுக்கு மாறினேன். கம்பியை விட லேசு என்று நினைத்தது தப்பு. விரலில் மூன்று சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்தால் உருண்டையாக முடிச்சு விழும். ஆனால் நான் நினைத்த இடத்தில் விழாது. மணிக்கு அரை அங்குலம் தள்ளி இறுகிவிடும். ஒருமுறை இறுகினால் அவிழாது, வெட்ட வேண்டியதுதான். ஆறு மீட்டர் நூலில் பாதி குப்பைக்குப் போனது.

சாக்கு ஊசி எதற்கு என்று புரியவில்லை. அத்தையிடம் மாமா கட்டிக் கொடுத்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் மணியை ஒட்டி இருந்தது. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதன் நடுவில் ஊசியை விட்டு, மணி இருக்கும் இடம் வரை ஊசியாலேயே தள்ளிக்கொண்டு போய், அங்கே ஊசியை உருவிக்கொண்டே இறுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அத்தைக்கு போன் போட்டுத் திட்டு வாங்கினேன்.

அன்று பிடிபட்ட இன்னொரு விஷயம், அவர் பத்து மணியையும் நெருக்கிக் கட்டவில்லை. ஒவ்வொரு பத்திலும் ஏறக்குறைய ஒரு மணி அகலத்துக்கு வெறும் நூல் விட்டிருக்கிறார். ஒரு மந்திரம் முடிந்ததும் கட்டைவிரலால் மணியைத் தள்ள இடம் வேண்டுமே! நான் கட்டியது குச்சி மாதிரி விறைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

எட்டாவது வாரம்

உருப்படியாக முதல் ஜெபமாலை. சந்தன நிற மர மணி, நீல நூல். நுனியை லைட்டரில் காட்டிக் கருக்கிவிட்டேன். ஊதுபத்தி நெருப்பு போதும், அது பக்குவமாக உருக்குகிறது. அத்தையிடம் கொடுத்தேன். மறுநாள் போன்.

"ஏய்யா, மூணாம் பத்துல ஒண்ணு கூட வருது."

எண்ணிப் பார்த்தால் பதினொன்று. பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றால் கொடுக்க மாட்டேன் என்கிறார். "உங்க மாமா கூடச் சொல்லுவாகளே, குறைச்சாத்தான் தப்புன்னு."

அது உண்மைதான். ஜெபமாலையில் நாளுக்கு ஒரு வகையாக இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தியானிப்போம், அதற்குப் பெயர் மறைபொருள், பழைய பேச்சில் தேவ இரகசியம். 2002-ல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்து வியாழக்கிழமைக்குக் கொடுத்தார். அதுவரை வியாழன் சந்தோஷ தேவ இரகசியம். மாமா புதிதையும் சொல்வார், பழையதை எப்படி விடுவது என்று அதையும் சொல்வார். வியாழக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் சாப்பாடு லேட்டாகும். இதிலே நாங்கள் எல்லோரும் "அருள் நிறைந்த மரியே" என்று முடித்து நிற்க, அவர் மட்டும் பழைய "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"யில் ஒரு மூச்சு பிந்தி வருவார். சின்னப் பிள்ளைகளாக நாங்கள் சிரிப்போம். அவர் அதற்காக வேகத்தைக் கூட்டியதும் இல்லை, எங்களை முறைத்ததும் இல்லை.

பதினொன்றாவது வாரம்

நாலு முடிந்துவிட்டது. கைக்குப் பழக்கம் வந்த தைரியத்தில் மாமாவின் ஜெபமாலையை எடுத்தேன். அறுந்த இடத்தை மட்டும் சேர்க்கலாம் என்று துணியில் பரப்பினேன்.

மணிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. முதல் பத்தில் மரம். இரண்டாவதில் பாதி மரம், பாதி சிவப்புக் கண்ணாடி. மூன்றாவதில் பிளாஸ்டிக் முத்து, முத்து நகரில் இது வேறு. நாலாவதில் இரண்டு ரேடியம் மணி, இருட்டில் பச்சையாக மின்னுகிறது. ஐந்தாவதில் எதுவும் எதோடும் சேரவில்லை. பெரிய மணி ஐந்துதான். ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் கனமாக ஒரு முடிச்சு.

ரிப்பேருக்கு வரும் ஜெபமாலைகளில் மணி குறைந்தால் தன்னுடையதிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தையின் ஜெபமாலை முழுக்க அதே மரமணி, ஒன்று கூடக் குறையாமல். தனக்கு, மற்றவர்கள் விட்டுப் போன உதிரிகள். அத்தையிடம் இதைச் சொன்னேன்.

"ஆமா, பெரிய தியாகம். புது மணி வாங்கக் காசு செலவழிக்க மனசு வராது உங்க மாமாவுக்கு."

இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

நூல் மட்டும் மாற்றி, மணிகளை அதே வரிசையில் கோத்தேன். அந்த முடிச்சு இருந்த இடத்தில் பெரிய மணி போடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். தீப்பெட்டியில் பொருத்தமாக ஒன்று இருக்கவே செய்தது. கடைசியில் முடிச்சே போட்டேன். அவர் போட்ட அளவுக்குத் தடிப்பாக வரவில்லை, ஐந்து சுற்று சுற்றியிருப்பார் போல. நாளைக்கு அவிழ்த்து மறுபடி பார்க்க வேண்டும். நூல் தீர்ந்துவிட்டது, வலைச்சாமான் கடை காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.