விசாரிக்கப் போகிற வேலை

என் அடையாள அட்டையில் ‘அமைதி ஒருங்கிணைப்பாளர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அதை யாரிடமாவது காட்டினால் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். அந்த வேலையில் பதினோரு வருஷம் இருந்தேன். அம்மா சொந்தக்காரர்களிடம் “ஏதோ ஆபீஸ்ல இருக்கா” என்று முடித்துக்கொள்வாள். நான் வேலை பார்த்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் எனக்கு வைத்த பெயர்தான் பொருத்தம்: சண்டை டீச்சர்.

அந்த ஊர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தேங்காப்பட்டணத்துக்கும் பூவாறுக்கும் இடைப்பட்ட கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆறு கடலில் சேரும் பொழி, அதன்மேல் ஒரு பாலம். இக்கரையில் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள். அக்கரையில் முஸ்லிம்கள், பாதி ஆண்கள் வளைகுடாவில், மீதிப் பேர் மீன் வியாபாரத்திலும் கடைகளிலும். இவர்கள் பிடித்ததை அவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். ஆளுக்காள் கடன் உண்டு. தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத ஒரே பேச்சு. நான் உள்நாட்டு இந்துப் பெண். இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆட்களையும் கடற்கரையில் லேசில் நம்புவதில்லை. ஆகவே இரண்டு கரையும் என்னைச் சமமாகவே சந்தேகப்பட்டன. வேலைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

இங்கே எந்தத் தகராறு வந்தாலும் யாராவது ஒருவர் பீமாபள்ளி பெயரை எடுப்பார். திருவனந்தபுரம் கடற்கரையில் பீமாபள்ளியும் செரியதுறையும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. முன்னதில் முஸ்லிம்கள், பின்னதில் கத்தோலிக்கர்கள். 2009 மே 17 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்துப்போனார்கள். எங்கள் கரையில் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ கேட்டுவிடும் என்பதுபோல.

முதல் வருஷம் நான் செய்த பெரிய காரியம் ஒரு மத நல்லிணக்கக் கூட்டம். பந்தல், குத்துவிளக்கு, மூன்று மதப் பேச்சாளர்கள், மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் பொன்னாடை. எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். பங்குப் பேரவைத் துணைத் தலைவரும் ஜமாத் செயலாளரும் கட்டிப்பிடித்தார்கள், பேப்பரில் போட்டோ வந்தது. பத்தாம் நாள் பாலத்தடியில் பந்து விளையாட்டில் அடிதடி. அப்போதுதான் தெரிந்தது, கட்டிப்பிடித்த இரண்டு பேரில் ஒருவருடைய நம்பர்கூட இன்னொருவரிடம் இல்லை. நான் என்ன செய்தேன்? பதறிப்போய் போலீசுக்குச் சொன்னேன். அக்கரைப் பையன் ஒருவன் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய உம்மா அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்.

எட்டு மாதம் கழித்து அவரே கதவைத் திறந்து சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. “மோளே, நீ விசாரிக்க வந்திருந்தா சாயா தந்திருப்பேன். விசாரணைக்கு ஆளல்லவா அனுப்புன.”

விசாரிப்பு, விசாரணை. ஒரே வேர்தான். ஒன்றில் நோயாளியின் கட்டிலருகே ஆரஞ்சுப் பழத்தோடு போய் உட்காருகிறோம். மற்றதில் லாக்கப் கம்பிக்கு வெளியே நிற்கிறோம். சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாவதைச் செய்யும் ஆளாக என்னை நான் நினைத்துக்கொண்டது அன்றிலிருந்துதான்.

அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் வரும். தமிழாக்குவது என் தலையில் விழும். பெரும்பாலானவை வறட்டுச் சரக்கு. இரண்டு மட்டும் அப்படி இல்லை.

ஒன்று நைஜீரியாவின் கடுனா நகரத்துக் கதை. பாஸ்டர் ஜேம்ஸ் வூயே, இமாம் முகம்மது அஷாஃபா. இருவரும் எதிரெதிர் ஆயுதக் கூட்டங்களில் இருந்தவர்கள். 1992 மோதலில் வூயேக்கு வலது கை போனது. அஷாஃபா தன் ஆசானையும் உறவினர் இருவரையும் பறிகொடுத்தார். 1995இல் இருவரும் சேர்ந்து சமாதான வேலையைத் தொடங்கினார்கள். கரை மேட்டில் மீன்காரப் பெண்கள் கடவத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் இதைச் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். சேர்ந்து பயணம் போய் ஒரே அறையில் தங்கிய நாட்களில், தூங்குகிற இமாமைத் தலையணையால் அமுக்கிவிடலாமா என்று பாஸ்டர் யோசித்ததுண்டாம், அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அதுதான் நெசம்” என்றார் ஒரு பாட்டி. “மீதியெல்லாம் சாமியார் பிரசங்கம்.” அப்புறம் அந்தப் பாஸ்டரின் மனசு எப்படித்தான் மாறியது என்று கேட்டார்கள். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இமாம் ஆட்களோடு போய்ப் பார்த்ததைச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விசாரிக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதானே.

மற்றது இந்தோனேசியாவின் அம்போன். 1999 ஜனவரி 19, ஈகைப் பெருநாள் அன்று, ஒரு பஸ் ஓட்டுநரோடு நடந்த வாய்த்தகராறில் பற்றிய தீ அது. ஊர் கிறிஸ்தவத் தெரு, முஸ்லிம் தெரு என்று பிளந்து, 2002 பிப்ரவரியில் மாலினோ உடன்படிக்கை வரைக்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைத் தின்றது. சண்டை நடக்கும்போதே இரண்டு தரப்புக்கும் நடுவே எல்லைக்கோட்டில் சந்தைகள் முளைத்தன. மிளகாயும் மீனும் விற்பவர்களுக்கு வேறு வழி இல்லை. அந்தச் சந்தைகளுக்கு ‘பாகு பாயே’ என்று பெயர். பிள்ளைகள் சண்டை போட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வதற்கான சொல் அது. ‘நல்லிணக்கம்’ என்று எழுதிவிட்டு அடித்தேன். ‘சமரசம்’ என்று எழுதி அதையும் அடித்தேன். பக்கத்து மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிராமலே, “பழம் விடுறதுதானே?” என்றாள். அதேதான். காய் விட்டதை எல்லாம் மறந்து பழம் விடுவது. ‘பழச் சந்தை’ என்று எழுதினால் அர்த்தம் கெட்டுவிடும் என்பதால் அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டேன்.

அம்போனில் எனக்குப் பிடித்தது பிறகு வந்த பகுதி. 2011 செப்டம்பரில் மோட்டார் பைக் டாக்சி ஓட்டும் முஸ்லிம் ஒருவர் விபத்தில் இறக்கிறார். கொலை என்று வதந்தி. கல்வீச்சு, தீவைப்பு, சாவு எல்லாம் நடந்தன. ஆனால் ஜாக்கி மனுபுட்டி என்ற பாதிரியாரும் அபிதின் வக்கானோ என்ற இஸ்லாமிய அறிஞரும் இரு பக்கத்து இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, ‘அமைதியைத் தூண்டிவிடுகிறவர்கள்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். அங்கே எரிகிறது என்று செய்தி வந்தால் அங்கேயே இருக்கும் ஒருவன் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவான். உண்மை என்றால் உண்மை, பொய் என்றால் பொய். அந்தக் கலவரம் 1999 போல வருஷக்கணக்கில் நீளவில்லை.

இதை நாங்கள் நோட்டுப் புத்தகமாக்கினோம். எண்பது பக்க நோட்டு, இரண்டு பிரதி. இக்கரையில் ஏழு பேர், அக்கரையில் ஏழு பேர், ராத்திரி எந்நேரமும் எடுக்கிற நம்பர்கள். ஏலக்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், கோயில் உபதேசியார், சாயாக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர், மீன்காரப் பெண்கள். பெரிய மனிதர்களை வேண்டுமென்றே குறைத்தோம், அவர்கள் ஒன்பது மணிக்கே போனை அணைத்துவிடுவார்கள். எந்தச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கண்டதா, கேட்டதா? கேட்டது என்றால் கண்டவனைப் பிடி. கண்டவன் இல்லை என்றால் போய்ப் படு.

காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்கு அப்புறம் நோட்டுக்கு வேறு மாதிரி வேலை வந்தது. அதுவரை சண்டை பந்துக்கும் பைக்குக்கும். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. இக்கரைப் பையன்கள் சிலர் ஒரு கொடி, அக்கரையில் சிலர் இன்னொரு கொடி. எங்கோ நடக்கிற போர் சாயாக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. எங்கள் மாவட்ட மீனவர்கள் பலர் ஈரான் கரையில், அந்நாட்டு முதலாளிகளின் படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள். இக்கரையிலிருந்தும் போயிருந்தார்கள். சில நாளில் ஈரானில் இணையம் கிட்டத்தட்ட முழுவதும் முடங்க, வீட்டுப் பெண்களின் போன்கள் ஊமையாயின. மாதா குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், ஜெபமாலை. கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொடுப்பதே எங்கள் முழுநேர வேலை ஆனது. பாஸ்போர்ட் நம்பர், முதலாளி பெயர், துறைமுகம்.

அந்த வாரத்தில்தான் இக்கரையில் ஒரு பையன் இஸ்ரேல் விமானப் படத்தை ஸ்டேட்டஸ் வைத்து, கீழே மூன்று தீப்பொறி போட்டான். அக்கரையிலிருந்து நாலு பேர் பைக்கில் கிளம்பிவிட்டார்கள் என்று சாயாக்கடைக்காரர் போன் செய்தார். கண்டதா கேட்டதா என்றேன். “கண்டது டீச்சரே, பெட்ரோல் அடிக்க நிக்கானுவ.” ஜமாத் செயலாளர் பெட்ரோல் பங்குக்கு ஓடினார். நான் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா பெயர் நான் எழுதிய மனுவில் ஆறாவதாக இருந்தது. அந்த விமானம் குண்டு போடுகிற நாட்டில்தான் அவர் படகில் இருக்கிறார். அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மா போனைப் பிடுங்கி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் அதை அழித்தான்.

ஜூன் 23 ராத்திரி பத்து மணி வாக்கில் ஈரான் ஏவுகணைகள் கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தை நோக்கிப் பறந்தன. அக்கரையில் ஒரு பொடியன் அந்த வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்துப் போட்டான். அவன் மாமா தோஹாவில் டிரைவர். வான்வழி மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் அக்கரையில் கூச்சல். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காத்திருந்த ஒருவர் திரும்பி வந்து சொன்னதோடு அது ஊரெல்லாம் பரவியது.

பதினொன்றரைக்கு அக்கரை உம்மா எனக்குப் போன் செய்தார், கதவைச் சாத்தியவர்தான். “மோளே, அந்தக் கரையில ஈரான்ல ஆள் இருக்கிற வீடு எத்தன?” பதினொன்று என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் நாலைந்து பெண்கள் டார்ச் அடித்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். குருசடித் திண்ணையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து போன்களை நடுவில் வைத்திருந்தார்கள். எது முதலில் அடிக்கும் என்று பார்ப்பதுபோல. பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. நெத்திலி விலை. யாருக்கோ முட்டுவலி. நடுச்சாமத்துக்கு மேல் தோஹா போன் அடித்தது. அதை எடுத்த பெண், பக்கத்தில் இருந்தவள் போன் இன்னும் அடிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய் மெதுவான குரலில் பேசினாள்.

மறுநாள் சண்டைநிறுத்தம். படகுக்காரர்களிடமிருந்து போன் வர மேலும் சில நாள் ஆனது.

அந்த டிசம்பரில் திட்டத்துக்கான பணம் நின்றது. அலுவலகத்தைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன். அறிக்கையில் அந்த ராத்திரியை எழுதவில்லை. ‘நடத்திய நிகழ்ச்சிகள்’ என்ற கட்டத்தில் அது வராது. நோட்டுகள் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. கொஞ்ச நாள் முன்னால் ராத்திரி பத்தரைக்கு இக்கரைப் பாட்டி பேசினார். வாசிக்கத் தெரியாதவர், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

“டீச்சரே, மூணாம் பக்கத்துல ஒரு நம்பர்ல மீன் தண்ணி பட்டு அழிஞ்சு கெடக்கு. அக்கரை மோதினார் நம்பரு. கடைசி ரெண்டு எழுத்து என்னன்னு பாத்துச் சொல்லும்.”

என்ன விஷயம் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. அவருக்குக் காய்ச்சலாம்.”