ஆனியன் முகவரிக்குத் தமிழ்ப் பெயர்: ‘கரரைக்குடி’ நுழையும் வழி

அடையாளம் மறைக்கும் டார் வலைக்குள் இயங்கும் தளத்தின் முகவரிதான் ஆனியன் முகவரி. அதன் மூன்றாம் பதிப்பு 56 எழுத்து. 32 பைட் பொதுச் சாவி (இதன் ஜோடியான ரகசியச் சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும்), 2 பைட் சரிபார்ப்பு, 1 பைட் பதிப்பெண், எல்லாம் சேர்ந்து 35 பைட்டை 32 குறிகளால் எழுதும் பேஸ்32 முறையில் எழுதினால் வருவது அது. முகவரியே சாவி என்பதால் முழுமையாக ஒத்த போலி செய்ய முடியாது. ஆனால் முதல் ஐந்தாறு எழுத்தைப் பார்த்துவிட்டு நம்புபவர்களே அதிகம்; ஆறு எழுத்து ஒத்த முகவரியைச் சாதாரணக் கணினியே தேடி எடுத்துவிடும். ஆகவே பெயர் வேண்டும்.

செட்டிநாட்டில் முன்னோர் பெயரின் முதலெழுத்துகளாலான குடும்ப விலாசத்தைச் சொன்னால் அந்த ஊருக்குள் வீடு தெரிந்துவிடும்; வெளியூரில் சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள். குனூ பெயர் அமைப்பும் அப்படித்தான், அவரவர் பட்டியலில் அவரவர் வைத்த பெயர். 2011-இல் வந்த, பெயர் பதியும் மின்நாணயமான நேம்காயின் எல்லோருக்கும் ஒரே பெயர் தருகிறது. ஆனால் நாணயம் வாங்கிய தடம் பதிவு செய்தவரைக் காட்டிக்கொடுக்கலாம். மறைந்திருக்க வேண்டிய சேவைக்கு அது ஆகாது. பெயர் பதிபவரிடம் காசுக்குப் பதில் ஆர்கான்2 போன்ற, நினைவகம் நிறையக் கேட்கும் கணக்கை உழைப்பாக வாங்குவதே சரி.

பதிவு இரண்டு படி. முதலில் பெயர், பொதுச் சாவி, 32 பைட் தற்செயல் எண் மூன்றையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 சுருக்கத்தை (மூலத்தைக் காட்டாத, கைரேகை போன்ற எண்) மட்டும் அனுப்ப வேண்டும். அது பொதுப் பதிவேட்டில் ஏறிய பிறகே பெயரைத் திறக்கலாம். நேரடியாகத் திறந்தால், வழியில் பார்த்தவர் முந்திக்கொள்வார். தற்செயல் எண்ணை விட்டால் அகராதியை வைத்தே பெயரை ஊகித்துவிடலாம். பதிவேட்டின் மெர்க்கிள் வேரில், அதாவது முழுப் பதிவேட்டுக்கும் சேர்ந்த ஒரே சுருக்கத்தில், ஏழு தனித்தனிச் சர்வர்களில் குறைந்தது ஐந்து கையெழுத்திட்டால் ஏற்கலாம்.

முகவரி தன்னுடையது என்று காட்டப் பெயர் பதிபவரும் அதன் ரகசியச் சாவியால் கையெழுத்திட வேண்டும். அதில் பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. டார் சேமிக்கும் ரகசியச் சாவிக் கோப்பு 96 பைட்: 32 தலைப்பு, 64 விரித்த சாவி. சாவி பிறந்த மூல விதை அதில் இல்லை. விரித்த சாவியின் முதல் 32 பைட்டை விதையாக நினைத்து வழக்கமான ஈடி25519 கையெழுத்து நிரல் நூலகத்திடம் கொடுத்தால் வேறொரு பொதுச் சாவி பிறக்கும், சரிபார்ப்பு தோற்கும். விரித்த சாவியை அப்படியே ஏற்கும் நூலகம் தேவை.

பெயரைச் சர்வரிடம் கேட்டுத் தேடுவதும் தடம் விடும். ஒரு பதிவு 200 பைட் என்றால் ஒரு லட்சம் பெயருக்கு 20 எம்பி. முழுப் பட்டியலையும் இறக்கி உங்கள் கணினிக்குள்ளேயே தேடுங்கள்.

இனி தமிழ். ‘கொப்புடையம்மன்’ என்பதில் கொ-வை ஒரே குறியாகவும் தட்டலாம், ெ, ா என இரண்டாகவும் தட்டலாம். திரையில் ஒன்று, சுருக்கத்தில் இரண்டு. யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கம் இதைச் சரிசெய்யும். அதற்குமேல் அது உதவாது. ‘காரைக்குடி’யின் துணைக்காலுக்குப் பதில் ரகரம் போட்டால் ‘கரரைக்குடி’. பல எழுத்துருக்களில் கண் ஏமாறும். கௌ/கெள, ஊ/உள, க/௧, எ/௭ ஜோடிகள் எல்லாம் அதே ஆபத்து. ஸ்ரீ-யை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம்.

அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஒப்பீட்டு வடிவம் கணக்கிடுங்கள். முதலில் கூட்டுக்குறிகளைப் பிரித்து, பிறகு ா-வை ர ஆக, ௗ-ஐ ள ஆக, ஊ-வை உள ஆக, தமிழ் எண்களை எழுத்தாக மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி இருந்தால் பெயரையே மறுக்கலாம். பெயரைத் திறக்கும்போது இந்த வடிவம் ஏற்கெனவே இருந்தால் பதிவை மறுக்க வேண்டும். மாற்று அட்டவணையின் பதிப்பெண் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். இரண்டு சர்வர்கள் வேறு அட்டவணை வைத்திருந்தால் ஒன்று ஏற்றதை மற்றது மறுக்கும், பதிவேடு இரண்டாகப் பிரிந்துவிடும்.